வீட்டுவழிக் கல்வி: எதை முதலில் முடிவு செய்வது, எதைக் கடைசியில் வாங்குவது

குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பிப்பது என்று முடிவெடுக்கும் பெற்றோர் பலரும் அடுத்த வாரமே நூல்களையும் பயிற்சிப் பொருள்களையும் தொகுத்து விற்கும் ஏதேனும் ஒரு பாடத்திட்டப் பெட்டிக்குப் பணம் கட்டிவிடுகிறார்கள். பெட்டி வந்த பிறகு அதற்கேற்ற முறையைப் படிக்கிறார்கள். குழந்தைக்குப் பன்னிரண்டு வயது ஆகும்போதுதான் பத்தாம் வகுப்புத் தேர்வை எங்கே, யாரிடம் எழுதுவது என்று விசாரிக்கத் தொடங்குகிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. பள்ளியை விடுவதால் எதை இழக்கிறோம் என்று தெரிந்துகொண்டதும், குழந்தை எந்தத் தேர்வின் வழியாக வெளியே வரப்போகிறது என்பதை உத்தேசமாகவேனும் தீர்மானிக்க வேண்டும். அடுத்து, உங்கள் வீட்டின் ஒரு நாள் எப்படி ஓடுகிறது என்பதை உள்ளபடி எழுதிப் பார்க்க வேண்டும். கற்பிக்கும் முறை அதற்குப் பிறகு வரட்டும். பொருள்கள் கடைசியில் போதும். தமிழ்நாட்டில் வசிக்கும், ஐந்து முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகள் உள்ள குடும்பங்களை மனத்தில் கொண்டே பின்வருபவை எழுதப்படுகின்றன.

முதல் வேலை: எதை இழக்கிறோம் என்று தெரிந்துகொள்வது

ஹோம்ஸ்கூலிங் சட்டப்படி சரியா என்பதே எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. 2009-ல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த குழந்தைகளுக்கான கட்டாய இலவசக் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளுக்குப் பொருந்தும். தம் குழந்தையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதன் 10-ஆம் பிரிவு கூறுகிறது. வீட்டுவழிக் கல்வியை அச்சட்டம் பெயர் சொல்லி அனுமதிக்கவுமில்லை, தடை செய்யவுமில்லை. அதனால் பதிவு செய்துகொள்ள ஓர் அலுவலகமோ ஆண்டுதோறும் வந்து பார்க்கும் ஓர் ஆய்வாளரோ இங்கே கிடையாது. தெளிவான அனுமதி இல்லாத ஓர் இடத்தில் நிற்கிறோம் என்பதைக் கணவன், மனைவி இருவரும் உணர்ந்தே தொடங்க வேண்டும்.

சட்டத்தைவிட உடனடியாகப் பாதிக்கக்கூடியவை மாநில அரசின் சலுகைகள். 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020 முதல் இருக்கிறது. 2021-ல் அது பொறியியல், வேளாண்மை, சட்டம் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கும் விரிந்தது. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்வோருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் உள்ளன. வீட்டில் படித்த குழந்தைக்கு இவை கிடைக்கமாட்டா. அரசுப் பணிகளில் தமிழ் வழியில் படித்தோருக்கான 20 விழுக்காடு ஒதுக்கீடு இன்னும் சிக்கலானது. 2010-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு 2020-ல் வந்த திருத்தம், பணிக்கான தகுதிப் படிப்பு மட்டுமின்றி அதற்கு முந்தைய படிப்பும் தமிழ் வழியில் இருக்க வேண்டும் என்கிறது. அதற்கான சான்றைத் தருபவை பள்ளிகள். பள்ளியே இல்லாத ஆண்டுகளுக்கு யாரிடம் சான்று வாங்குவது? தனியார் ஆங்கிலப் பள்ளியை விட்டு வரும் குடும்பத்துக்கு இவற்றில் இழப்பதற்கு ஏதுமில்லை. அரசுப் பள்ளியை விட்டு வருவதாக இருந்தால் ஒருமுறைக்கு இருமுறை யோசிக்க வேண்டும் என்பதே என் கருத்து.

இரண்டாவது: வெளியேறும் தேர்வு

தேர்வை முன்கூட்டியே தீர்மானிப்பது ஆறு வயதுக் குழந்தையைத் தேர்வுக்குத் தயார் செய்வதற்காக அல்ல. எந்த மொழியில் கணக்கும் அறிவியலும் கற்பிப்பது, எந்தப் பாடநூலை அளவுகோலாக வைத்துக்கொள்வது ஆகிய இரண்டு முடிவுகளும் அதைச் சார்ந்தே இருக்கின்றன. தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு நடைமுறையில் மூன்று வழிகள் இருக்கின்றன.

பெரும்பாலோர் தேர்ந்தெடுப்பது தேசியத் திறந்தநிலைப் பள்ளிக்கல்வி நிறுவனம், அதாவது என்.ஐ.ஓ.எஸ். 1989-ல் தொடங்கப்பட்ட இது மத்திய அரசின் கல்வி அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது. மண்டல மையம் ஒன்று சென்னையில் இருக்கிறது. பத்தாம் வகுப்பு நிலைக்குச் சேரப் பதினான்கு வயது முடிந்திருக்க வேண்டும். அந்த நிலையில் படிக்கும் அளவுக்குத் தயாராக இருக்கிறேன் என்று மாணவர் தாமே அளிக்கும் உறுதிமொழி போதும் என்பதால், எட்டாம் வகுப்புச் சான்றிதழ் இல்லையே என்று தவிக்க வேண்டியதில்லை. மொழிப்பாடம் ஒன்றையாவது உள்ளடக்கிய ஐந்து பாடங்களில் தேர்ச்சி பெற வேண்டும். ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என ஆண்டுக்கு இருமுறை பொதுத்தேர்வு நடக்கிறது. சேர்ந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் ஒன்பது வாய்ப்புகள் உண்டு; ஆகவே ஐந்து பாடங்களையும் ஒரே மூச்சில் எழுதாமல், இந்த முறை இரண்டு, அடுத்த முறை மூன்று என்று பிரித்துக்கொள்ளலாம். இசை, விளையாட்டு போன்றவற்றில் நாளின் பெரும்பகுதியைச் செலவிடும் பிள்ளைகளுக்கு இந்த நெகிழ்வு பெரிய உதவி. பத்தாம் வகுப்பு நிலையில் சில பாடங்களைத் தமிழ் வழியிலும் எழுதலாம். எந்தெந்தப் பாடங்கள் என்பதைச் சேரும் ஆண்டின் தகவல் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்.ஐ.ஓ.எஸ். வழியில் படித்தால் நீட் எழுத முடியாது என்று இன்றும் சிலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். திறந்தநிலைப் பள்ளி மாணவர்களை விலக்கிய விதியை டெல்லி உயர் நீதிமன்றம் 2018-ல் ரத்து செய்தது. 2024-ல் உச்ச நீதிமன்றத்திலும் அவர்களுக்குச் சாதகமாகவே முடிந்தது. ஜே.இ.இ. தேர்வுக்கும் ஐந்து பாடங்களுடன் முடித்த என்.ஐ.ஓ.எஸ். பன்னிரண்டாம் வகுப்பு ஏற்கப்படுகிறது. மாநில அரசுப் பணியை நோக்கமாகக் கொண்டவர்கள் மட்டும் சான்றிதழ்ச் சமநிலை பற்றிய நடப்பு அரசாணையைத் தேடிப் படித்துவிட்டு முடிவெடுப்பது நல்லது.

இரண்டாவது வழி, மாநிலப் பாடத்திட்டத்தில் தனித்தேர்வராக, அதாவது பள்ளியில் படிக்காமல் நேரடியாக, எழுதுவது. அரசுத் தேர்வுகள் இயக்ககம் எட்டாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் தனித்தேர்வர்களை அனுமதிக்கிறது. எட்டாம் வகுப்புக்குப் பன்னிரண்டரை வயதும் பத்தாம் வகுப்புக்குப் பதினான்கரை வயதும் நிறைந்திருக்க வேண்டும். ஐந்து பாடங்கள், ஐந்நூறு மதிப்பெண்கள், பாடத்துக்கு 35 எடுத்தால் தேர்ச்சி என்பது பள்ளி மாணவர்களுக்கு உள்ளதுபோலவே. அறிவியலில் 25 மதிப்பெண்கள் செய்முறைக்கு உரியவை; தனித்தேர்வர்கள் அதற்கான பயிற்சி வகுப்புக்குத் தனியே பெயர் பதிந்து, குறிப்பிட்ட பள்ளிக்குப் போய்வர வேண்டும். அந்தப் பதிவுக்கான கடைசி நாளைத் தவறவிட்டு ஓர் ஆண்டை இழப்பவர்கள் இருக்கிறார்கள். அறிவிப்பு நாளிதழ்களில் ஒரு மூலையில்தான் வரும் என்பதால், ஒன்பதாம் வகுப்பு வயதிலிருந்தே இயக்ககத்தின் இணையதளத்தை மாதம் ஒருமுறை பார்க்கும் பழக்கம் தேவை. செலவு மிகக் குறைவு, ஆங்கிலப் பாடம் தவிர மற்றவற்றைத் தமிழிலேயே எழுதலாம், பாடநூல்கள் எங்கும் கிடைக்கும் என்பதால் சிற்றூர்க் குடும்பங்களுக்கு இது இயல்பாகவே பொருந்துகிறது.

மூன்றாவது, கேம்பிரிட்ஜ் நடத்தும், பத்தாம் வகுப்பு நிலைக்கான பன்னாட்டுத் தேர்வான ஐ.ஜி.சி.எஸ்.இ.-யைத் தனித்தேர்வராக எழுதுவது. இங்கே பாடத்துக்குப் பாடம் பல ஆயிரம் ரூபாய்க் கட்டணம் ஆகும். வெளி மாணவர்களை ஏற்கும் தேர்வு மையத்தை நீங்களே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். ஆய்வுக்கூட வசதி இல்லாதவர்கள் அறிவியலில் செய்முறைக்கு மாற்றான எழுத்துத்தாளைத் தேர்ந்தெடுக்கலாம் என்பது ஒரு வசதி. வெளிநாட்டுக் கல்லூரியில் சேரும் எண்ணமோ ஆங்கிலத்தில் வலுவான பிடிப்போ இல்லாத குடும்பத்துக்கு இந்த வழியை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

மூன்றாவது: உங்கள் வீட்டின் நாள்

ஒரு தாளை எடுத்து, காலை ஆறு மணி முதல் இரவு ஒன்பது வரை வீட்டில் யார், எந்த நேரத்தில், என்ன செய்கிறார்கள் என்று ஒரு வாரத்துக்கு எழுதுங்கள். இருக்க வேண்டியதை எழுதாமல் இருப்பதை எழுத வேண்டும். தண்ணீர் லாரி வரும் நேரம், பாட்டிக்கு மருந்து கொடுக்கும் நேரம், இளைய குழந்தை தூங்கும் நேரம் எல்லாம் அதில் வரட்டும். வளர்ந்த ஒருவர் குழந்தையோடு முழுக் கவனத்துடன் உட்காரக்கூடிய நேரம் அந்தத் தாளில் எவ்வளவு தேறுகிறது என்று பாருங்கள்.

பள்ளிகளுக்குச் சட்டம் வகுத்துள்ள அளவு, ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாட்களில் 800 கற்பித்தல் மணிநேரம். ஆறு முதல் எட்டு வரை 220 நாட்களில் 1,000 மணிநேரம். அதாவது நாளுக்கு நான்கு மணி நேரம், பெரிய வகுப்புகளுக்கு நான்கரை. முப்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு செய்யும் வேலைக்கான கணக்கு அது. ஒரே குழந்தைக்குக் கற்பிக்கும்போது வருகைப் பதிவும் வரிசையில் நிற்பதும் இல்லாததால், கீழ் வகுப்பு வயதில் நாளுக்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேர நேரடிக் கற்பித்தல் தாராளமாகப் போதும். இருவரும் காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை வெளியே வேலைக்குப் போகும் வீட்டில் இந்த இரண்டு மணி நேரமும் இரவில்தான் கிடைக்கும். அப்போது யாருக்கும் பொறுமை மிஞ்சியிருக்காது. பகலில் பொறுப்பாகப் பார்த்துக்கொள்ள ஒருவர் இல்லாதவரை அந்த வீட்டில் இதைத் தொடங்காமல் இருப்பதே குழந்தைக்கு நல்லது.

கூட்டுக் குடும்பமாக இருந்தால் தாத்தா, பாட்டியிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். “பிள்ளையை ஏன் இன்னும் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவில்லை?” என்று விருந்தினர் கேட்கும் ஒவ்வொரு முறையும் பதில் சொல்லப்போகிறவர்கள் அவர்கள்தாம். கற்பித்தலில் அவர்களுக்கென்று ஒரு பகுதியை ஒதுக்கினால் எதிர்ப்பு பெரும்பாலும் தணிந்துவிடும்: நாள்தோறும் அரை மணி நேரம் நாளிதழ் வாசிப்பு, வீட்டு வரவுசெலவுக் கணக்கு, தோட்டம் என எதுவாகவும் இருக்கலாம்.

மொழியையும் இப்போதே தீர்மானியுங்கள். வீட்டில் தமிழ் பேசிக்கொண்டு எல்லாப் பாடங்களையும் ஆங்கிலத்தில் தொடங்கும் குடும்பங்களில், ஆறு வயதுக் குழந்தை ஒரு கணக்கைத் தவறாகப் போட்டால் அது கணக்குப் புரியாததாலா, வாக்கியம் புரியாததாலா என்று பெற்றோருக்கே விளங்குவதில்லை. எட்டு, ஒன்பது வயது வரை கருத்துகளைத் தமிழில் விளக்கி, ஆங்கிலத்தை ஒரு மொழியாகத் தனியே கற்பித்து, பிறகு தேர்வு மொழிக்கு மாறிக்கொள்வதில் இழப்பு ஏதும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

நான்காவது: முறை

மாநிலப் பாடநூலை வைத்துக்கொண்டு, நாளுக்கு இத்தனை பக்கம் என்று வீட்டிலேயே பள்ளி நடத்துவது ஒரு முறை. இணையத்தில் இதை இளக்காரமாகப் பேசுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் பெற்றோருக்குத் தயாரிப்பு வேலை குறைவாக இருப்பது இதில்தான். கணக்குக்கு இதுவே பெரும்பாலும் போதுமானது. தேர்வுக்கு இரண்டு ஆண்டுகளே இருக்கும் பிள்ளைக்கு இதைத் தவிர வேறு வழியைத் தேட வேண்டியதுமில்லை.

மரியா மாண்டிசோரியின் முறைக்குத் தமிழ்நாட்டோடு நேரடித் தொடர்பு உண்டு. 1939-ல் பிரம்மஞான சபையின் அழைப்பில் அடையாறுக்கு வந்த அவர், போர்க்காலம் முழுவதும் இந்தியாவிலேயே தங்கி, கொடைக்கானலிலும் குழந்தைகளோடு பணியாற்றி, 1946-ல்தான் ஐரோப்பாவுக்குத் திரும்பினார். கையால் தொட்டு, எடுத்து, அடுக்கிக் கற்பது இதன் சாரம். மூன்று முதல் ஏழு வயது வரை இதற்கு இணையான வேறொன்றைச் சொல்வது கடினம். மரச்சாமான்களின் விலைதான் மலைக்க வைக்கும். அவற்றில் பாதியை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். எடுத்துக்காட்டாக, உப்புத்தாளில் எழுத்து வெட்டி அட்டையில் ஒட்டி விரலால் தடவிப் பழகும் பயிற்சியைத் தமிழுக்குச் செய்யும்போது 247 எழுத்துகளையும் வெட்டத் தேவையில்லை. பன்னிரண்டு உயிர், அகரம் ஏறிய பதினெட்டு மெய், ஆய்தம், அவற்றோடு கால், கொம்பு, கொக்கி போன்ற துணைக்குறிகள் தனித்தனி அட்டையாக இருந்தால் போதும். ட, ப ஆகிய நேர்கோட்டு எழுத்துகளில் தொடங்கி, ம, ய என்று வளைவுகளுக்குப் போய், பட்டம், படம், மடம் என்று உடனே சொற்களைச் சேர்க்கத் தொடங்கிவிடலாம். உகர, ஊகார வரிசைகளில் குறி எழுத்தோடு ஒட்டி உருமாறுவதால் அந்த இரண்டு வரிசைகளையும் மட்டும் முழுமையாக வெட்டிக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்தைச் சேர்ந்த சார்லட் மேசன் வகுத்த முறை, படிக்கும் பழக்கமுள்ள குடும்பங்களுக்கு மிகவும் பொருந்தும். சுருக்கிய பாடநூலுக்குப் பதிலாக, ஒரு துறையில் உண்மையான ஈடுபாடுள்ள ஒருவர் எழுதிய நல்ல நூலை உரக்க வாசிப்பது, கேட்டதைக் குழந்தை தன் சொற்களில் திரும்பச் சொல்வது, சிறு குழந்தைகளுக்கு ஒவ்வொரு பாடமும் பதினைந்து, இருபது நிமிடங்களுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது, வெளியே சென்று இயற்கையைக் கவனித்துக் குறிப்பெடுப்பது ஆகியன இதன் தூண்கள். கரிச்சான் குருவியைப் பற்றி ஒரு பக்கம் வாசித்துவிட்டு எட்டு வயதுக் குழந்தையிடம் சொல்லச் சொன்னால், “அது காக்காவையே துரத்தும். அது கூடு கட்டுற மரத்துல மத்த பறவைங்களும் வந்து கட்டிக்கும், ஏன்னா இது காவல் இருக்கும்” என்று வரக்கூடும். பிளவுபட்ட வாலைப் பற்றி அது சொல்லவில்லை என்றால் அங்கேயே கேள்வி கேட்டுத் துருவ வேண்டாம். மறுநாள் மாலை மின்கம்பியில் கரிச்சான் உட்கார்ந்திருக்கும்போது காட்டி, தேதியோடு ஒரு படம் வரையச் சொன்னால் வால் தானாகவே படத்தில் வந்துவிடும். இந்த முறையின் சிக்கல் தமிழில்தான் இருக்கிறது. கதைநூல்கள் இருக்கும் அளவுக்கு, பத்து வயதுக்குரிய நல்ல அறிவியல், வரலாற்று நூல்கள் தமிழில் இல்லை. பெற்றோர் பெரியவர்களுக்கான நூல்களிலிருந்து பகுதிகளைத் தேர்ந்தெடுத்து வாசிக்க வேண்டியிருக்கும்.

அமெரிக்கரான ஜான் ஹோல்ட் 1970-களில் முன்வைத்த, பாடத்திட்டமே இல்லாமல் குழந்தையின் ஆர்வத்தைப் பின்தொடரும் முறையும் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் சிலவற்றில் இருக்கிறது. வேலை குறையும் என்று எண்ணி இதைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். குழந்தை திடீரென்று ரயில் எஞ்சினில் ஆர்வம் கொண்டால் அன்றைக்கே பெரம்பூர் ரயில் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போகும் அளவுக்கு நேரமும் தயார்நிலையும் உள்ள பெற்றோருக்கே இது சாத்தியம். கலைக்கும் கைவேலைக்கும் முதன்மை தரும் ருடால்ஃப் ஸ்டைனரின் வால்டார்ஃப் முறை, கைத்தொழிலை மையமாக வைத்து 1937-ல் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி ஆகியவற்றிலிருந்து முழுத் திட்டத்தையும் எடுக்காமல், நெசவு, தச்சு, சமையல், தோட்டம் போன்ற வேலைகளை மட்டும் எடுத்துக்கொள்பவர்களே அதிகம்.

அப்படிக் கலந்துகொள்வதுதான் பெரும்பாலான வீடுகளில் கடைசியில் நிலைக்கிறது: கணக்குக்குப் பாடநூல், மொழிக்கு உரக்க வாசிப்பு, மற்றவற்றுக்குச் செயல். தொடங்கும்போதே மூன்றையும் கலக்காமல், ஒரு முறையை ஆறு மாதமாவது செய்து பழகிவிட்டுக் கலப்பது நல்லது. எது வேலை செய்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.

ஐந்தாவது: இரண்டு வார வெள்ளோட்டம்

எதையும் வாங்குவதற்கு முன், கோடை விடுமுறையில் ஒரே ஒரு தலைப்பை எடுத்து இரண்டு வாரம் கற்பித்துப் பாருங்கள். எட்டு, ஒன்பது வயதுக்குப் பின்னங்கள் நல்ல தலைப்பு. பாத்திரக் கடையில் ஆழாக்கு, உழக்கு, படி இன்றும் கிடைக்கின்றன. அரிசியை ஒரு தாம்பாளத்தில் கொட்டி, ஒரு படி நிரம்ப எத்தனை உழக்கு, ஓர் உழக்குக்கு எத்தனை ஆழாக்கு என்று குழந்தையே அளந்து கண்டுபிடிக்கட்டும். வழக்கமான அளவின்படி உழக்கு கால் படி, ஆழாக்கு அரைக்கால் படி. கால் படியில் இரண்டு அரைக்கால் படி இருப்பதைக் கையால் கொட்டிப் பார்த்த குழந்தைக்கு, எட்டு நான்கைவிடப் பெரிய எண்ணாயிற்றே, எட்டில் ஒன்று மட்டும் நான்கில் ஒன்றைவிட எப்படிச் சிறியதாகும் என்ற வழக்கமான குழப்பம் வருவதில்லை. முதல் வாரம் அளப்பது மட்டும். இரண்டாம் வாரம் அளந்ததை ஏட்டில் பின்னமாக எழுதி, பாடநூலின் பயிற்சிக் கணக்குகளைப் போடுவது.

இந்த இரண்டு வாரத்தில் குழந்தையை மட்டுமல்ல, உங்களையும் கவனியுங்கள். எதற்குக் குழந்தை தானாக வந்து உட்கார்ந்தது, எதற்கு நழுவியது என்று குறித்துவையுங்கள். ஒரு மணி நேரப் பாடத்துக்கு முந்தைய இரவு எவ்வளவு தயாரிப்பு பிடித்தது, மூன்றாம் நாள் அரிசியைப் பெருக்கி அள்ளும்போது உங்கள் மனநிலை எப்படி இருந்தது என்பதையும் எழுதுங்கள். குழந்தைக்குப் பிடித்திருந்தும் கற்பிப்பவரைக் களைப்படையச் செய்யும் முறை மூன்று மாதத்துக்கு மேல் நிற்காது. தேர்ந்தெடுக்கும்போது பெற்றோரின் இயல்புக்கும் சம இடம் கொடுங்கள்.

பள்ளியிலிருந்து புதிதாக வெளியே வந்த குழந்தைக்கு இந்த வெள்ளோட்டத்தை உடனே வைக்காதீர்கள். மணி அடிக்காத வீட்டுக்குப் பழக அதற்குச் சில வாரங்கள், சில சமயம் சில மாதங்கள் தேவைப்படும். எழுத்துகளைத் தொடர்ந்து மாற்றிப் படிக்கும், எழுதவே மறுக்கும் குழந்தை என்றால், முறையை மாற்றிக்கொண்டே இருக்காமல் சென்னையிலுள்ள மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் போன்ற அமைப்பின் வழியாக மதிப்பீடு செய்துகொள்ளுங்கள்.

ஆறாவது: பொருள்கள்

தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகத்தின் நூல்கள் அனைத்தும் இணையத்தில் பி.டி.எஃப். வடிவில் இலவசமாகக் கிடைக்கின்றன. அச்சு நூலின் விலையும் குறைவே. பக்கங்களை நீங்களே அச்சிட்டால் நூலின் விலையைவிட அதிகம் செலவாகும், ஆகையால் அச்சு நூலையே வாங்கிவிடுங்கள். தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமத்தின் (என்.சி.இ.ஆர்.டி.) நூல்களும் இணையத்தில் இலவசம், ஆனால் அவை பெரும்பாலும் தமிழில் வருவதில்லை. வகுப்பைப் பார்த்து நூல் வாங்காமல், குழந்தை நிற்கும் நிலையைப் பார்த்து வாங்குவது முக்கியம். மாநில அரசே 2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஒரே வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துப் பயிற்சி தருகிறது. உங்கள் ஒன்பது வயதுக் குழந்தை கணக்கில் ஐந்தாம் வகுப்பு நூலிலும் தமிழில் மூன்றாம் வகுப்பு நூலிலும் இருப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தமிழ் வாசிப்புக்கு, பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் வாசிப்பு நிலை வாரியாகப் பிரித்த கதைகள் இலவசமாக இருக்கின்றன. சென்னையின் துளிகா, தாரா பதிப்பகங்களின் படநூல்களை மாதம் ஒன்றாக வாங்கலாம். அறிவியலுக்கு, தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987 முதல் நடத்திவரும் துளிர் மாத இதழுக்குச் சந்தா கட்டுங்கள். பழைய இதழ்களின் தொகுப்பு எங்காவது கிடைத்தால் அதையும் விடாதீர்கள். தூக்கியெறியும் பொருள்களிலிருந்து அறிவியல் பொம்மைகள் செய்யக் கற்றுத்தரும் அரவிந்த் குப்தாவின் தளத்தில் செய்முறைக் காணொளிகள் பல இந்திய மொழிகளில் உள்ளன. தீக்குச்சியும் சைக்கிள் வால்வு டியூபும் இருந்தால் வடிவியல் பாடத்தில் ஒரு மாதம் ஓட்டிவிடலாம். நூலக உறுப்பினர் அட்டைதான் இந்தப் பட்டியலில் மிக மலிவானது. சென்னை கோட்டூர்புரத்தின் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், 2023-ல் திறக்கப்பட்ட மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்கெனத் தனிப் பிரிவுகள் உண்டு. மற்ற ஊர்களில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது.

ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் வெளிநாட்டுப் பாடப்பெட்டிகளை முதல் ஆண்டில் வாங்க வேண்டாம். அவற்றின் கணக்குப் பாடங்களில் நிக்கல், டைம் என்ற அமெரிக்க நாணயங்களை எண்ணுவார்கள், நீளத்தை அங்குலத்தில் அளப்பார்கள், பருவங்களைப் பற்றிய பாடத்தில் பனி கொட்டும். வடகிழக்குப் பருவமழையைப் பார்த்து வளரும் குழந்தைக்கு ஒவ்வொரு பக்கத்தையும் மாற்றிச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். ஆண்டுச் சந்தாவைக் குறைத்துத் தருவதாகச் சொல்லும் கற்றல் செயலிகளுக்கும் இதே விதி பொருந்தும்: மாதச் சந்தா இருந்தால் ஒரு மாதம் பாருங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். வீட்டில் கட்டாயம் இருக்க வேண்டியவை என்று நான் சொல்லக்கூடியவை ஒரு நல்ல தமிழ் அகராதி, சுவரில் ஒட்டும் தமிழ்நாடு, இந்தியா, உலக வரைபடங்கள், கோடு போடாத நோட்டுப் புத்தகங்கள், ஒரு கரும்பலகை.

ஏழாவது: ஆவணங்களும் திரும்பும் வழியும்

பள்ளியிலிருந்து விலக்கும்போது மாற்றுச் சான்றிதழை வாங்கிவிடுங்கள். பள்ளிக்கல்வித் துறையின் பதிவில் குழந்தைக்கு உள்ள எமிஸ் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறப்புச் சான்றிதழ், ஆதார், சாதிச் சான்றிதழ் மூன்றிலும் பெயரின் எழுத்துக்கூட்டலும் முன்னெழுத்தும் ஒன்றாக இருக்கின்றனவா என்று இப்போதே சரிபார்த்தால், பத்தாம் வகுப்புக்கு விண்ணப்பிக்கும் நாளில் இ-சேவை மையத்துக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் அலைய வேண்டியதில்லை. பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்புக்காக ஆசிரியர்கள் வீட்டுக்கு வரக்கூடும். அவர்களிடம் மறைக்காமல், மரியாதையோடு பேசி, குழந்தையின் ஏடுகளைக் காட்டுங்கள். அதற்காகவே மாதத்துக்கு ஓர் உறை வைத்து, தேதியிட்ட எழுத்து மாதிரி ஒன்று, கணக்குத் தாள் ஒன்று, படித்த நூல்களின் பட்டியல், ஓரிரு படங்கள் ஆகியவற்றை அதில் போட்டுவையுங்கள். உங்களுக்கே சந்தேகம் வரும் மாதங்களில், ஆறு மாதத்துக்கு முந்தைய உறையைப் பிரித்துப் பார்ப்பது எந்த ஆலோசகரைவிடவும் தெளிவாகப் பதில் சொல்லும்.

வீட்டுவழிக் கல்வி பொருந்தவில்லை என்றால் பள்ளிக்குத் திரும்பலாம். கல்வி உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவின்படி, பள்ளியில் சேராத அல்லது இடையில் நின்ற குழந்தையை அதன் வயதுக்குரிய வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும். மற்ற பிள்ளைகளோடு சமமாக வரச் சிறப்புப் பயிற்சி பெறும் உரிமையும் அதற்கு உண்டு. இது எட்டாம் வகுப்பு வரைதான். ஒன்பதாம் வகுப்பில் நேரடியாகச் சேர்ப்பதற்குப் பள்ளிகள் தயங்கும். எட்டாம் வகுப்புத் தனித்தேர்வுச் சான்றிதழ் கையில் இருந்தால் அந்தத் தயக்கம் குறையும். ஆகவே குழந்தைக்குப் பன்னிரண்டு வயது ஆகும்போது, தொடர்வதா திரும்புவதா என்பதைக் குழந்தையையும் உட்காரவைத்துப் பேசி முடிவெடுங்கள்; தொடர்வதென்றால் அந்த ஆண்டிலேயே, இரண்டாவது வேலையில் உத்தேசமாக வைத்திருந்த தேர்வின் பாடத்திட்டத்தைப் பதிவிறக்கி, கணக்கையும் அறிவியலையும் அதற்கேற்ப மாற்றத் தொடங்குங்கள்.